இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவர்களுக்கு

அன்புள்ள அக்காமார், அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

பெங்களூரில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு எப்படித் துணை நிற்பது என்று உங்கள் வாயாலேயே அவர்கள் கேட்க வேண்டும் என நினைத்தேன். முடிந்தவர்கள் வகுப்புக்கு நேரில் வந்தீர்கள். வாசலைத் தாண்ட முடியாதவர்கள் போனில் முகம் காட்டினீர்கள்.

ஸ்ரீராம்புரம் அக்கா, பக்கவாதத்தில் படுத்திருக்கும் உங்கள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னதும், 'படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கணும்' என்று ஒரு மாணவி ஒப்பித்தாள். சரியான பதில்தான். நீங்கள் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தீர்கள். பின்பக்கம் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று மணி எழுதி, பக்கத்தில் 'இ', 'வ' என்று மாறி மாறிக் குறித்திருந்தீர்கள். இடது, வலது. "ஆஸ்பத்திரியில மூணு ஷிஃப்ட்டுக்கு ஆள் மாறுவாங்க. வீட்டுல நான் ஒருத்திதானே, எப்போம்மா தூங்கறது?" என்றீர்கள்.

பதினைந்து வருடமாக அந்த வரியைச் சொல்லிக்கொடுக்கிறேன். யார் திருப்புவார் என்று நான் யோசித்ததே இல்லை. டிஸ்சார்ஜ் அன்றும் யாரும் உங்களிடம் கேட்கவில்லை என்றீர்களே, அது இன்னும் மனதை அறுக்கிறது.

அல்சூர் அண்ணன், அரை மணி நேரப் பேச்சில் மூன்று முறை எழுந்து ஓடினீர்கள். மறதி நோயுள்ள உங்கள் அம்மா தாழ்ப்பாளை நீக்கும் சத்தம் எங்களுக்கும் கேட்டது. ஒவ்வொரு முறையும் வகுப்பு மூச்சுவிடாமல் காத்திருந்தது.

கன்னடத்திலும் மலையாளத்திலும் மற்ற பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்ன மாணவிகளுக்கும் நன்றி. அப்புறம், அக்கா வந்துபோன மூன்று மணி நேரமும் அவர் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு அம்மாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இப்போது வார்டில் எங்கள் பிள்ளைகள், 'ராத்திரி கூட யார் இருப்பாங்க? நீங்க எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?' என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். பார்த்துக்கொள்பவரின் சுமையை அளக்கும் ஜாரிட் படிவத்தின் 22 கேள்விகளையும் தமிழில் இயல்பாகக் கேட்கப் பழகுகிறார்கள். மனசு தாங்காத இரவுக்கு, 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி சேவையின் 14416 எண்ணையும் எழுதிக் கொடுக்கிறார்கள். எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும்.

அக்கா, அந்தக் காலண்டர் தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். செய்முறை அறையில் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறோம். வேண்டுமென்றால் சொல்லுங்கள், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்