சென்சாரை ஏன் இடம் மாற்றினோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள படகு உரிமையாளர்களுக்கும் டிரைவர் அண்ணன்மார்களுக்கும்,

வணக்கம். ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. அக்கரைப்பேட்டையில் எந்தப் பட்டறையிலும் இப்போது கால் வைக்க இடமில்லை. எங்கள் பட்டறையும் அப்படித்தான். இந்த நெருக்கடியிலும் உட்கார்ந்து கடிதம் எழுதக் காரணம், பில்லில் இருக்கும் ஒரு வரி. “சென்சார் இடமாற்றம், ஹோஸ், எர்த் ஒயர்” என்று போட்டிருக்கிறோமே, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஆயில் பிரஷர் சென்சாரை எதற்குக் கழற்றி வேறு இடத்தில் மாட்டினீர்கள் என்று நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்லும்போது நாங்கள் செய்த ஒரு தவறையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

எஞ்சின் பிளாக்கில் ஆயில் லைனுக்கு நேராக ஒரு மரை போட்ட துளை இருக்கும். பிரஷர் குறைந்தால் விளக்கு எரிய வைக்கும் சின்ன சுவிட்சுக்காக வைத்த துளை அது. சுவிட்சுக்கு எடையே கிடையாது, அதனால் தொந்தரவும் இல்லை. பிற்பாடு மீட்டர் வேண்டும் என்கிறோம். மீட்டருக்கான சென்சார் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு டப்பா. இரண்டுக்கும் ஒரே துளைதான் என்பதால் ஒரு பித்தளை நிப்பிள் (இரு முனையும் மரை போட்ட சின்னக் குழாய்), அதன் மேல் T வடிவ ‘டீ’ இணைப்பு, அதில் ஒரு பக்கம் சுவிட்ச், மறுபக்கம் சென்சார் என்று கொம்பு போல நீட்டிவிடுகிறோம். கடலில் ராப்பகலாக ஓடும் எஞ்சின் இந்தக் கொம்பை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கிறது. பித்தளை களைத்துப் போய், மரை தொடங்கும் இடத்தில் மயிரிழை விரிசல் விடும். ஒருநாள் ஒடியும். ஒடிந்தால் பம்ப் தள்ளும் ஆயில் முழுக்க அந்த ஓட்டை வழியாக எஞ்சின் அறைக்குள் கொட்டும். எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப் காலியாகச் சில நிமிடம் போதும். வலை இழுக்கிற நேரத்தில் கீழே யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? எஞ்சினைக் காக்க வைத்த சாமானே எஞ்சினைச் சுற்ற விடாமல் இறுகிப் பிடிக்க வைத்துவிடும்.

அதனால்தான் டப்பாவை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு இரும்பு அடாப்டரும், ஆயில் தாங்குகிற பிரஷர் ஹோஸும் போட்டு, சென்சாரை எஞ்சின் அறைச் சுவரில் ஒரு பிராக்கெட்டில் வைக்கிறோம். ஹோஸ் எக்ஸாஸ்ட் பக்கம் போகக் கூடாது, இழுத்துக் கட்டவும் கூடாது, கொஞ்சம் தொய்வு வேண்டும். காப்பர் குழாய் போட்டால் செலவு குறையுமே என்று சிலர் கேட்டார்கள். போட மாட்டோம். அதிர்வில் காப்பர் இறுகி, அதுவும் வெடிக்கும். பித்தளையிலிருந்து தப்பித்து காப்பரிடம் மாட்டிக்கொள்வானேன்?

“இவ்வளவு நீள ஹோஸில் பிரஷர் குறையாதா?” என்றும் கேட்கிறீர்கள். குறையாது. அந்த ஹோஸுக்குள் ஆயில் ஓடுவதில்லை, நிரம்பி நிற்கிறது, அவ்வளவுதான். சென்சார் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால்கூட வித்தியாசம் பத்தில் ஒரு கிலோ பிரஷருக்கும் கீழே. காலையில் குளிர்ந்த ஆயிலோடு ஸ்டார்ட் பண்ணும்போது முள் ஏற ஒரு நொடி பிந்தலாம்.

சரி, எங்கள் தவறுக்கு வருகிறேன். இந்த சென்சாரிலிருந்து மீட்டருக்கு ஒரு ஒயர்தான் வெளியே தெரியும். இன்னொரு ஒயர் அதன் உடம்புதான். பிளாக்கில் மாட்டியிருக்கும்வரை மரை வழியாகவே எர்த் கிடைத்துவிடும். மரச் சட்டத்திலோ ஃபைபரிலோ கொண்டுபோய் மாட்டினால் எர்த் எங்கிருந்து வரும்? போன வருடம் ஒரு படகில் இடம் மாற்றியபோது தனி எர்த் ஒயர் போடாமல் விட்டுவிட்டோம். நாம் அதிகம் பயன்படுத்தும் மீட்டரில் சென்சாரின் மின்தடை 10 ஓம் என்றால் பூஜ்யம், 180 ஓம் என்றால் முழு பிரஷர். எர்த் இல்லையென்றால் மின்சாரம் போக வழியே இல்லை, முள் ஒரேயடியாக மேலே போய் ஒட்டிக்கொள்ளும். டிரைவர் அண்ணன் அதைப் பார்த்து “பிரஷர் பிரமாதம்” என்று சந்தோஷமாகத் தொழிலுக்குப் போய்விட்டு வந்தார். அந்தப் படகில், பிரஷர் குறைந்தால் கத்தும் பஸ்ஸரும் தனி சுவிட்சில் இல்லை, அதே டப்பாவுக்குள் இருக்கும் சுவிட்சில்தான் வேலை செய்கிறது. எர்த் இல்லாததால் அதுவும் ஊமை. ஆயில் மொத்தமும் போயிருந்தால்கூட மீட்டர் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கும். நல்ல வேளை, எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை. கரைக்கு வந்து எஞ்சினை நிறுத்திய பிறகு சாவி ஆனில் இருக்கும்போதும் முள் இறங்காததைப் பார்த்து அவரே எங்களைக் கூப்பிட்டார்.

அன்றிலிருந்து சென்சார் உடம்பில் கிளிப் போட்டு, அங்கிருந்து எஞ்சின் பிளாக் வரை ஒரு கருப்பு ஒயர் தனியாகப் போகிறது. ஸ்டீல் படகிலும் அப்படித்தான். பெயின்டையும் துருவையும் நம்பி எர்த் எடுப்பதில்லை. இந்தத் தடைக்காலத்துக்கு முன்பு எங்களிடம் சென்சார் இடம் மாற்றியவர்கள் எல்லோரும் ஒருமுறை வந்து காட்டுங்கள். காசு வேண்டாம், அரை மணி நேர வேலை.

வருவதற்குள் நீங்களே ஒன்று பார்க்கலாம். ஸ்டார்ட் பண்ணும் முன் சாவியை ஆன் பண்ணி நிறுத்துங்கள். முள் பூஜ்யத்தில் இருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், பஸ்ஸர் கத்த வேண்டும். எஞ்சின் ஓடிச் சில நொடியில் கத்தல் நிற்க வேண்டும். முதலிலேயே கத்தவில்லை என்றால் கிளம்பாதீர்கள். (சத்தம் பிடிக்கவில்லை என்று பஸ்ஸர் ஒயரைப் பிடுங்கி வைத்திருப்பவர்கள் யார் யார் என்று எங்களுக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை.)

சென்சாரை வெளியில் வாங்கி வருபவர்கள் பழைய மீட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். அமெரிக்க வகை சென்சார் நேர்மாறானது: 240 ஓம் பூஜ்யம், 33 ஓம் முழு பிரஷர். நம் மீட்டரோடு சேர்த்தால் முள் தலைகீழாகப் பேசும். 5 பார் (பார் என்பது பிரஷர் அளவு) சென்சாரை 10 பார் மீட்டரில் கொடுத்தால் இருப்பதைப் போல இரண்டு மடங்கு காட்டும். மரையில் டெஃப்லான் டேப்பைத் தலைப்பாகை மாதிரி சுற்றுவதும் வேண்டாம். அதுவும் எர்த்தைக் கெடுக்கும், துணுக்கு உள்ளேயும் போகும்.

படகு ஆடும்போது மட்டும் பஸ்ஸர் கத்துகிறது, சென்சாரை மாற்றிக் கொடுங்கள் என்று வருபவர்களுக்கு: முதலில் ஆயில் மட்டம் காட்டும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் மட்டம் குறைந்தால் படகு சாயும்போது பம்ப் காற்றை உறிஞ்சும். சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. சூடான பிறகு பிரஷர் மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே வந்தால் அது பேரிங் தேய்மானமாகவோ ஆயிலில் டீசல் கலந்ததாகவோ இருக்கலாம். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே டீசல் தெரிந்துவிடும். எதுவாயினும் நாங்கள் ஒயர் இல்லாமல் ஆயில் பிரஷரை நேரடியாகக் காட்டும் கேஜை மாட்டிப் பார்க்காமல் எஞ்சினைப் பிரிக்கச் சொல்ல மாட்டோம்.

ஜூன் முதல் வாரத்துக்குள் வந்துவிட்டால் நல்லது. கடைசி மூன்று நாள் ஐஸும் டீசலும் ஏற்றுகிற கூட்டத்தில் நாங்கள் உங்கள் படகுக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. வரும்போது பேட்டரியைக் கழற்றி வைக்காதீர்கள், அது இல்லாமல் மீட்டரைப் பார்க்க முடியாது.

அன்புடன்,
பட்டறையிலிருந்து,
அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்