பாட்டா பேரில் கோப்பை வைப்பதற்கு முன்னால்: நம் மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

நம் ஊர்க் கால்பந்து மன்றத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், குழுவில் இருக்கும் அண்ணன் தம்பிமார், பங்குப் பேரவை உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நம் மன்றத்துக்குக் கோல் வலை பின்னித் தந்த பாட்டா இறந்து, முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த அன்றைக்கே குருசடி முக்கில் பிளெக்ஸ் ஏறிவிட்டது. நினைவுச் சுழற்கோப்பை, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டம், ரொக்கப் பரிசு, கேலரி டிக்கெட், ‘வெளிநாட்டு வீரர்கள் களமிறங்குகிறார்கள்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. மேலே பாட்டாவின் படம். ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர் அப்படி வாயை மூடிக்கொண்டு நின்று இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

கோப்பை வேண்டாம் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. தாராளமாக வையுங்கள். ஆனால் அவர் பேரில் நடக்கிற போட்டியில் நம் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு கூலிக்கு ஆள் இறங்கக் கூடாது. சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

குழுவுக்குப் புதிதாக வந்த தம்பிகளுக்கு அவரைத் தெரிந்ததெல்லாம், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டோரம் நடந்துகொண்டே கத்துகிற ஒரு கிழவராகத்தான் இருக்கும். அவர் நம் மன்றத்துக்காக ஒரு ஆட்டம்கூட ஆடியவர் இல்லை என்பது உங்களில் பல பேருக்குத் தெரியாது. பந்து உதைக்கிற வயதில் கட்டுமரத்தில் ஏறிவிட்டார். அப்புறம் விசைப்படகு, கொச்சி தோப்பும்படி, ஆழ்கடல் தூண்டில், சுறா. ஊரில் இருந்த நாளைவிடக் கடலில் இருந்த நாள்தான் அதிகம். ஆனாலும் மன்றம் தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றும் அவருக்கு நினைவிருந்தது. ஜெயித்ததைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

செல்போன் வராத காலத்தில் துறைமுகத்தில் மீனை இறக்கியதும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் நம் பள்ளி முக்குக் கடைக்கு ஒரு போன் போடுவாராம். "மக்கா, எத்தன?" என்று ஒரே கேள்வி. ஸ்கோர் சொன்னதும் வைத்துவிடுவார், மீட்டர் ஓடுமே. வீட்டுக்கு நலம் விசாரிக்கும் போன் அதற்கு அப்புறம்தான். இதைப் பாட்டி இன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள், பாதிக் கோபத்தோடு.

நல்ல ஆட்டம் பார்க்காதவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1990இல் திருச்சூரில் கேரளா போலீஸ் ஃபெடரேஷன் கோப்பையை எடுத்தபோது, கொச்சியிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்தவர். ஐ.எம். விஜயன், சத்யன், பாப்பச்சன் என்று அந்த அணியின் ஆட்களை அடுக்குவார். "விஜயன் களி (ஆட்டம்) பாத்தா கண்ணு நெறையும் மக்கா. நம்ம பயலுவ களி பாத்தாத்தான் வயிறு கலங்கும்." அவர் சொன்னதில் எனக்கு மறக்காதது இது. வயிறு கலங்குவதற்காகத்தான் அவர் வந்தார். கோட்டுக்கு உள்ளே ஓடுகிற ஒவ்வொருவனையும் ஞானஸ்நானம் முடிந்து வெளியே தூக்கி வந்த நாளிலிருந்து அறிந்தவர்.

உலகக் கோப்பை வந்தால் நம் கடற்கரை முழுக்க அர்ஜென்டினா, பிரேசில் என்று இரண்டாகப் பிரிந்து கட்அவுட் வைப்போம். நானும் வைத்தவன்தான். பாட்டா மட்டும் எந்தப் பக்கமும் சேர மாட்டார். "மெஸ்ஸிக்கு நம்ம ஊரு தெரியுமால?" என்பார். 2022 டிசம்பர் 18 ராத்திரி அர்ஜென்டினாவும் பிரான்ஸும் மூன்றுக்கு மூன்று அடித்து பெனால்டி வரைக்கும் போனபோது, ஊரே பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. அவர் மன்றத்து வராந்தாவில் ஒரு பல்பைப் போட்டுக்கொண்டு கிறிஸ்துமஸ் ஆட்டத்துக்கு கோல் வலை பின்னிக்கொண்டிருந்தார். மெஸ்ஸி கோப்பையைத் தூக்கியபோது எழுந்த சத்தத்துக்குத் தலையைத் தூக்கி, "யாருலே?" என்று கேட்டார். சொன்னோம். "சரி" என்றார்.

அந்த வலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோலின் அகலம் 7.32 மீட்டர், அதாவது எட்டு கஜம், உயரம் 2.44 மீட்டர் என்பது விதிப் புத்தகம். பாட்டா டேப் வைத்து அளந்ததில்லை. இரண்டு கையையும் விரித்து நான்கு பாகம் அகலம், ஒன்றே கால் பாகமும் கொஞ்சமும் உயரம் என்று அளப்பார். ஒருமுறை பயிற்சியாளர் தம்பி சந்தேகப்பட்டு டேப் போட்டுப் பார்த்தான். எட்டு கஜம் என்பது சரியாக நான்கு பாகம்தான், ஆழம் பார்க்கிறவனுக்கு அது புதிதில்லை. பழைய படகு வலையை வெட்டி, தங்கூசி என்கிற நைலான் இழை கொண்டு விளிம்பு கட்டி, உப்புக் காற்றில் இற்றுப்போன கண்ணியை ஆட்டத்துக்கு ஆட்டம் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவார். மன்றத்தின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். கோல் வலைக்கு என்று ஒரு ரூபாய் செலவு எழுதியிருந்தால் நான் இந்த மடலைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

2017 நவம்பர் 30 ஓகிப் புயலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குமரி மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பி வரவில்லை. நம் பழைய ஆட்டக்காரர்களும் அதில் உண்டு. அந்த டிசம்பரில் பந்து உருளவில்லை. மறு வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில், யாரும் கேட்காமல் கோல் கம்பத்தை நட்டது பாட்டாதான். அப்போதும் பிள்ளைகளிடம் அவர் எந்தப் பேச்சும் பேசவில்லை, பந்தில் காற்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

சரி, கூலி ஆட்டக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் பக்கத்து ஊர் செவன்ஸ் போட்டிக்கு நாம் மூன்று பேரைக் காசுக்கு இறக்கினோம். ஒருவர் கானா நாட்டுக்காரர். ஜெயித்தோம். வெடி வெடித்து, டெம்போவில் ஆடிப் பாடிக்கொண்டு ஊர் வந்தோம். பாட்டா அன்று கோட்டோரம் நடக்கவே இல்லை, ஒரு இடத்தில் உட்கார்ந்து பார்த்தார். யாரை என்ன பேர் சொல்லிக் கத்துவது என்று தெரியவில்லை என்றார் பிறகு. அவர் கத்துவதற்கு ஒரு முறை இருந்தது, கவனித்திருப்பீர்கள். நடுவரைத் திட்ட மாட்டார். எதிர் அணியைத் திட்ட மாட்டார். நம் பையனின் பேரையும் அவன் அப்பன் பேரையும் சேர்த்துக் கூப்பிட்டு, "ஒங்கப்பன் கார்னருக்கு இப்பிடியாலே நிப்பான்?" என்பார். அப்பன் பேர் தெரியாதவனை அவரால் கத்த முடியாது.

ஆனால் அன்று ராத்திரி நடந்ததையும் சொல்ல வேண்டும். நாங்கள் மன்றத்தில் கொண்டாடிக்கொண்டிருந்தபோது அந்த கானா தம்பி ஒரு ஓரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு தனியாக நின்றான். பாட்டா கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் போட்டார், அப்புறம் ஒரு கட்டன் சாயா. பாஷை தெரியாமல் இரண்டு பேரும் என்ன பேசினார்களோ, அவனுக்கு எத்தனை தங்கச்சி என்பதுவரை பாட்டாவுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே இது வெளிநாட்டுக்காரனுக்கு எதிரான பேச்சு என்று யாரும் திரிக்க வேண்டாம். மலப்புரம், கோழிக்கோடு பக்கத்துக் களங்களில் ஆப்பிரிக்க நாட்டுப் பையன்கள் சீசனுக்குச் சீசன் வந்து ஆடுவது பல வருடப் பழக்கம். கடல் தாண்டிப் பிழைக்க வந்தவனைக் குறை சொல்ல நம் ஊருக்கு வாய் ஏது? வீட்டுக்கு ஒருவன் வளைகுடாவில் அல்லவா இருக்கிறான்.

என் குறை நம் மேல்தான். காசு கொடுத்து ஆள் இறக்கினால் கூட்டம் வருகிறது, டிக்கெட் போகிறது, மன்றத்துக் கடன் அடைகிறது என்கிறீர்கள். உண்மை. பதினெட்டு வயதானால் பையன் படகு ஏறிவிடுகிறான் அல்லது விமானம் ஏறிவிடுகிறான், பதினொரு பேரை எங்கே போய்ப் பிடிப்பது என்கிறீர்கள். அதுவும் உண்மை. ஆனால் அவர்கள் ஊரில் இல்லாத தேதியில் போட்டியை வைத்துவிட்டு ஆள் இல்லை என்று சொல்வது என்ன நியாயம்? பிளெக்ஸில் போட்டிருக்கிற தேதியைப் பாருங்கள். பிப்ரவரி. நம் படகுகள் குஜராத் பக்கமோ லட்சத்தீவுக்கு அப்பாலோ கிடக்கிற மாதம். மலபாரில் சீசன் நடப்பதால் ஆட்டக்காரர்கள் கிடைப்பார்கள் என்றுதான் அந்த மாதத்தைப் பிடித்திருக்கிறீர்கள்.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் ஆழ்கடல்காரர்கள் பெரும்பாலும் ஊரில் இருக்கிறார்கள். கோப்பையை அப்போது வையுங்கள். பிள்ளைகளுக்குத் தனிப் போட்டி வேண்டுமென்றால் மேற்குக் கடற்கரைத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள் இருக்கிறது. அப்பன்மார் எல்லாம் கரையில். இடவப்பாதி மழை, அந்தத் தென்மேற்குப் பருவமழை, பெய்யுமே என்பீர்கள். மணல் மைதானத்தில் தண்ணீர் எங்கே நிற்கப்போகிறது? நாமெல்லாம் அந்த மழையில் ஆடித்தான் வளர்ந்தோம்.

பையன்கள் தரமில்லை என்ற பேச்சையும் கேட்டேன். இரவிபுத்தன்துறை மணலில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணிக்குப் போய், 2017-18 ஐ-லீக்கில் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் என்று பேர் வாங்கி, 2019-20இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை எடுத்த ஏ.டி.கே. அணியிலும் இருந்தார். கேரள எல்லைக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பொழியூரை, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியின் பேரால், சந்தோஷ் டிராபி ஊர் என்றே சொல்கிறார்கள். அதே கடல், அதே மணல்தானே நமக்கும்? நம் பதினைந்து வயதுப் பயல்களைக் காத்திருப்பு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, வந்தவனை ஆடவிட்டால் இவர்கள் எப்போது ஆடுவது?

நீங்கள் கட்ட நினைக்கும் கான்கிரீட் கேலரி பற்றி ஒரு வார்த்தை. பதினொரு பேர் ஆட்டத்துக்கு மைதான நீளம் 90 மீட்டராவது வேண்டும். நம் மேற்குக் கோலுக்குப் பின்னால் இருந்த மணலைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டதில் நாம் அதற்குக் கீழே போய்ப் பல வருடம் ஆகிறது. கடல் அரிப்பைத் தடுக்கிற கல் தடுப்பான தூண்டில் வளைவு வந்தால்தான் மிச்சமாவது நிற்கும். இருக்கிற இடத்தில் கிழக்கே கேலரியும் கட்டினால், அப்புறம் செவன்ஸ் தவிர வேறெதுவும் ஆட முடியாது. பேரவை அந்தப் பணத்தையும் பலத்தையும் தூண்டில் வளைவுக்கு மனுக் கொடுப்பதில் காட்டட்டும். பாட்டா உட்கார்ந்து பார்க்கிற ஆளும் இல்லை.

நான் கேட்பது இவைதான். பிப்ரவரித் தேதியை எடுத்துவிட்டு டிசம்பர் கடைசி வாரம் போடுங்கள். செவன்ஸ் வேண்டாம், பதினொரு பேர் ஆட்டமாக வையுங்கள், நீளம் குறைந்தாலும் பரவாயில்லை. எந்த ஊர் அணி வந்தாலும் அந்த ஊர்ப் பங்கில் பேர் உள்ளவர்களோ அந்த ஊர்ப் பள்ளியில் படிக்கிறவர்களோ மட்டும் ஆடட்டும். மதம் பார்த்துச் சொல்லவில்லை. உள்நாட்டு ஊர்களிலிருந்து வரும் அணிகளுக்கு ரேஷன் கார்டு போதும். டிக்கெட் வேண்டாம், வாளி ஏந்துவோம். பரிசுத் தொகையைப் பாதியாக்குங்கள். அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது என்றால் அந்த நஷ்டத்தைப் பிரித்துக்கொள்ள நானும் என் பேட்ச் ஆட்களும் தயார். எவ்வளவு என்று பொருளாளர் சொல்லட்டும்.

வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து கூட்டம் என்று கேள்விப்பட்டேன். மார்த்தாண்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். பேச இரண்டு நிமிடம் கொடுங்கள். இன்னொன்று, மேற்குக் கோல் வலையில் வலது மூலை கிழிந்து கிடக்கிறது. பாட்டாவின் ஊசியும் தங்கூசியும் மன்றத்து அலமாரியில்தான் இருக்கின்றன, சாவி யாரிடம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். முடிச்சு எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
மன்றத்தின் பழைய இரண்டாம் கோல்கீப்பர்