வரலாற்று நடைக் குழுவின் செயலாளர் ஆண்டறிக்கை: ரூட்டிங், தென் இலண்டன்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முத்துமாரியம்மன் கோவிலையும் நம்மவர் கடைகளையும் தவிர, நாம் குடியிருக்கும் ஊரைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று சென்ற ஆண்டுக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்ட கேள்வியே இவ்வாண்டின் பணிகளைத் தீர்மானித்தது. ரூட்டிங்கின் பழைய இடங்களை நடந்து பார்ப்பதென்றும், பார்த்தவற்றைத் தமிழில் குறித்து வைப்பதென்றும் செயற்குழு முடிவெடுத்தது.

முதல் நடை டோட்டர்டவுன் குடியிருப்பில் தொடங்கியது. நகரின் நெரிசலான குடியிருப்புகளிலிருந்து தொழிலாளர் குடும்பங்களை வெளியே கொண்டுவர விரும்பிய, அன்றைய மாநகர ஆட்சி அமைப்பான இலண்டன் கவுண்டி கவுன்சில், தோட்டத்துடன் கூடிய சிறு வீடுகளாக முதன்முதலில் கட்டிய குடியிருப்பு இதுவே. வீடு கிடைத்தாலும் வேலைக்குப் போய்வர மலிவான வண்டி இல்லாவிட்டால் பயனில்லை என்பதால், கவுன்சிலின் முதல் மின்சார ட்ராம் தடத்தையும் ரூட்டிங் வரை போட்டார்கள். 1903 மே 15 அன்று அன்றைய வேல்ஸ் இளவரசர் அதைத் திறந்து வைத்தார். நிலக்கீழ் ரயில் 1926 இல்தான் வந்தது. கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ஹோல்டன் வெண்கல்லில் வடிவமைத்த இரண்டு நிலையங்களில், இன்று ரூட்டிங் பெக் எனப்படுவது 1950 வரை டிரினிட்டி ரோட் என்றே அழைக்கப்பட்டது. ‘பெக்’ என்பது நோர்மன் படையெடுப்புக்குப் பின் இங்கே நிலம் பெற்ற, பிரான்சிலுள்ள பெக் மடத்தின் பெயராகும். மற்றையதான ரூட்டிங் புரோட்வே நிலையத்தின் முன் சிலையாக நிற்பவர் ஏழாம் எட்வர்ட் மன்னர் என்பதை, இத்தனை காலமும் ‘சிலையடியில் சந்திப்போம்’ என்று சொல்லிவந்த நம்மில் பலர் அன்றுதான் அறிந்தோம். அவர்களில் நானும் ஒருவன்.

இரண்டாம் நடைக்கே அதிகம் பேர் வந்தார்கள். 1906 இல் திறக்கப்பட்ட 100 யார் நீளமான திறந்தவெளி நீச்சல் குளம், வேலையற்றோருக்கு வேலை கொடுப்பதற்காக அவர்களைக் கொண்டே தோண்டப்பட்டது. அங்கிருந்து கிரனாடா திரையரங்குக்கு வந்தோம். 1931 இல் திறந்த அதன் உட்புறத்தை ரஷ்ய நாடக நெறியாளர் கொமிசார்ஜெவ்ஸ்கி ஒரு கோதிக் தேவாலயத்தைப் போல அலங்கரித்திருக்கிறார். வாரக் கூலி வாங்குபவரும் சில பென்சுக்கு அரண்மனைக்குள் அமர்ந்திருக்கலாம் என்பதே அதன் நோக்கம். 1973 இல் படக்காட்சி நின்று, 1976 முதல் பிங்கோ என்னும் எண் சூதாட்டம் ஆடும் இடமாயிற்று. பாரம்பரியக் கட்டடம் என்ற முதல்தரப் (Grade I) பாதுகாப்பை நாட்டிலேயே பெற்ற முதல் திரையரங்கு இது. சூதாட்டக் கூடத்துக்குள் சங்கம் போகலாமா என்று செயற்குழுவில் எழுந்த ஆட்சேபம் கூட்டக் குறிப்பில் பதியப்பட்டுள்ளது. கூரையை அண்ணாந்து பார்த்த பின் ஆட்சேபித்தவரே எல்லோருக்கும் கடைசியாக வெளியே வந்தார் என்பதை இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

மூன்றாம் நடைக்கு ஆள் குறைவு. ஆனாலும் இவ்வாண்டின் பணிகளில் அதுவே முக்கியமானது என்பது என் கருத்து. இலண்டனின் ஏழைப் பராமரிப்புச் சபைகள், தங்கள் பொறுப்பிலிருந்த பிள்ளைகளைத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து, ரூட்டிங்கில் ட்ரூவே என்பவர் நடத்திய விடுதிக்கு அனுப்பின. ஏறத்தாழ 1,400 பிள்ளைகள் அடைபட்டிருந்த அந்த இடத்தில் 1848-49 குளிர்காலத்தில் வாந்திபேதி பரவி, சுமார் 180 பேர் இறந்தனர். நெரிசலும் போதாத உணவும் குளிரைத் தாங்காத உடையும் விசாரணையில் வெளிவந்தன. நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் பத்திரிகையில் கடுமையாகத் தொடர்ந்து எழுதினார். கொல்லும் நோக்கமின்றி உயிரிழப்பை ஏற்படுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ட்ரூவே விடுதலையானார். இறந்த பிள்ளைகளில் பலர் அடக்கம் செய்யப்பட்ட புனித நிக்கொலஸ் தேவாலய முற்றத்தில் நின்று இதைச் சொல்லி முடித்தபோது, சிறுவர்களைக் கூட்டிவந்த தாய்மார் சிறிது நேரம் அங்கிருந்து நகரவில்லை.

1930 களில் தொடங்கிய இரு உள்ளகச் சந்தைகளையும் மழை காரணமாக விரைவாகவே பார்த்து முடித்தோம்.

நடைகளின் குறிப்புகளைச் சிறு கைந்நூலாக அச்சிடும் வேலை, எழுத்துப் பிழை திருத்துவோர் முன்வராததால் தாமதமாகிறது. விருப்பமுள்ளவர்கள் இன்றே பெயர் தரலாம். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். வழிகாட்டிய அயலவர்களுக்கும் தேநீர் தந்த உறுப்பினர் குடும்பங்களுக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையைச் சபையின் ஏற்புக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்