வாக்காளர் இடாப்பில் உன் பெயர்

ஒட்டுசுட்டான்
2025 ஜூலை

அன்பு மகளுக்கு,

நேற்றுப் பின்னேரம் விதானையார், எங்கள் கிராம அலுவலர், வாக்காளர் படிவத்தோடு வந்தார். அப்பாவின் பெயர், என் பெயர், தம்பியின் பெயர் எல்லாம் சரிபார்த்துவிட்டு, "மகளை என்ன செய்யிறது ரீச்சர்?" என்று கேட்டார். இரவு கொழும்பிலிருக்கும் உன்னிடம் போனில் கேட்டேன். "வெட்டிவிடச் சொல்லுங்கோ அம்மா, மாகாண சபையும் இல்லை ஒன்றும் இல்லை, அங்கே பேர் கிடந்து என்ன" என்று சொன்னாய். பஸ் வருகுது என்று வைத்தும் விட்டாய். எனக்கு நித்திரை வரவில்லை. போனில் உன்னை அரை மணித்தியாலம் பிடித்துவைக்க ஏலாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னில் பிழை சொல்ல வரவில்லை, பிள்ளை. நீ 1998இல் பிறந்தாய். வடக்கு மாகாண சபைக்கு நாங்கள் வாக்குப் போட்டது 2013 செப்டெம்பர் 21. அப்போது உனக்கு 15 வயது. வயது வந்த பிறகு ஜனாதிபதித் தேர்தல், நாடாளுமன்றத் தேர்தல், கடந்த மே 6ஆம் தேதி நடந்த பிரதேச சபைத் தேர்தல் எல்லாவற்றுக்கும் விரலில் மை பூசிக்கொண்டு வந்தாய். மாகாண சபைக்கு மட்டும் ஒரு தடவைகூட இல்லை. கண்ணால் காணாத ஒன்றைப் பெரிதாக நினை என்று உன்னிடம் சொல்வது கஷ்டம்தான். ஆனால் நான் கண்டிருக்கிறேன்.

எங்களுக்கும் அது லேசில் வந்ததில்லை. 1987இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்தது, அதன் பிறகு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், அதனோடு மாகாண சபைகள். 1988 நவம்பரில் வடக்கும் கிழக்கும் சேர்ந்த சபைக்குத் தேர்தல் என்றார்கள். கிழக்கில் சனம் வாக்குப் போட்டது. வடக்கில் இருந்த 36 ஆசனத்துக்கும் போட்டியே இல்லை, வாக்களிப்பும் இல்லை. 1990இல் அந்தச் சபையும் கலைந்தது. அதற்குப் பிறகு ஆளுநர்தான். உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2007 ஜனவரியில் வடக்கு வேறு, கிழக்கு வேறு ஆனது. பிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், நீயும் எங்களோடு நடந்து வந்தவள். ஆக, ஒப்பந்தம் எழுதி 26 வருஷத்துக்குப் பிறகுதான் வடக்கில் ஒரு மனிதர் மாகாண சபைக்கென்று வாக்குச்சீட்டைக் கையில் வாங்கினார்.

அந்த நாளில் நான் தேர்தல் கடமை. அதனால் என் வாக்கைத் தபால் மூலம் முன்னதாகவே வலயக் கல்விப் பணிமனையில் போட்டுவிட்டேன். தேர்தல் நாளன்று ஒரு பள்ளிக்கூடத்தில் காலை 7 மணியிலிருந்து பின்னேரம் 4 மணிவரை மை பூசுவதுதான் என் வேலை. இடது கைச் சின்ன விரலில் பூச வேண்டும். விடிய ஆறரைக்கே வாசலில் வரிசை. முகாமிலிருந்து திரும்பி வந்து இரண்டு மூன்று வருஷம்தான், தறப்பாள் கொட்டிலில் இருந்த குடும்பங்களும் வந்து நின்றன. அடையாள அட்டை தொலைந்த சனம் தேர்தல் திணைக்களம் கொடுத்த தற்காலிக அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்தது. ஒரு பெண் என் மேசைக்கு வந்து கையை நீட்டினாள். இடது கையில் சின்ன விரல் இல்லை. பக்கத்து விரலும் பாதிதான். நான் தலையைத் தூக்கித் தலைமை அலுவலரைப் பார்த்தேன். "இருக்கிற விரலில் பூசுங்கோ" என்றார். நடு விரலில் பூசினேன். அவள் மை காயும்வரை ஊதிக்கொண்டே சீட்டு வாங்கப் போனாள். அன்று பின்னேரத்துக்குள் அப்படி இன்னும் இரண்டு பேருக்குப் பூசினேன்.

சரி, வாக்கு எப்படி ஆளாகிறது என்று நீ ஒருநாள் கேட்டாய். அப்போது அப்பா ஏதோ குழப்பிச் சொன்னார். 2013இல் இருந்த முறையை நான் பாடம் எடுப்பதுபோலச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

வடக்கு மாகாணத்துக்கு மொத்தம் 38 ஆசனம். அதில் 36 ஆசனம் மாவட்டங்களுக்குப் பிரிந்தது. யாழ்ப்பாணத்துக்கு 16, வவுனியாவுக்கு 6, மன்னாருக்கு 5, எங்கள் முல்லைத்தீவுக்கு 5, கிளிநொச்சிக்கு 4. மிச்சம் இரண்டும் போனஸ், மாகாணம் முழுவதிலும் கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்குப் போகும். ஒவ்வொரு கட்சியும் மாவட்டத்துக்கு உரிய எண்ணிக்கையைவிட மூன்று பேர் கூடுதலாகப் பட்டியல் போடும். முல்லைத்தீவில் எட்டுப் பேர். வாக்குச்சீட்டில் மேலே கட்சியின் பெயரும் சின்னமும், கீழே 1 முதல் 8 வரை இலக்கங்கள். முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அதாவது X அடையாளம். அப்புறம் விரும்பினால் அந்தக் கட்சியில் மூன்று பேருக்கு மட்டும் இலக்கத்தில் புள்ளடி. அதுதான் விருப்பு வாக்கு. கட்சிக்குப் போடாமல் இலக்கத்தில் மட்டும் போட்டால் சீட்டுப் பழுது. கட்சி எத்தனை ஆசனம் எடுக்கும் என்பதை மேல் புள்ளடி தீர்மானிக்கும், யார் போய் இருப்பது என்பதைக் கீழ்ப் புள்ளடி தீர்மானிக்கும். சனம் இதை நல்லாக விளங்கி வைத்திருந்தது. வாசிக்கத் தெரியாத ஆச்சிகள்கூட இலக்கத்தைப் பேரப்பிள்ளைகளிடம் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு வந்தார்கள்.

எண்ணிக்கையை எங்கள் மாவட்டத்தை வைத்தே பார். செல்லுபடியான வாக்கு 36 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதை ஐந்து ஆசனத்தால் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை ஏறத்தாழ 7,200 வாக்கு. வீட்டுச் சின்னத்துக்கு, அதாவது தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு, 28,266. அதில் மூன்று ஆசனம் முழுதாக வந்துவிடும், கையில் இன்னும் ஆறாயிரத்து அறுநூறுக்கு மேல் மிச்சம். வெற்றிலைக்கு, அதாவது ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு, 7,209. ஓர் ஆசனம், மட்டுமட்டாக. மிச்சம் இருந்த ஐந்தாவது ஆசனம் பெரிய மீதி வைத்திருந்தவர்களுக்கு. ஆக வீட்டுக்கு 4, வெற்றிலைக்கு 1. எங்கள் ஒரு ஊரின் வாக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்திருந்தால் கணக்கு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பார். யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமம் 16 ஆசனத்துக்குள் கரைந்துபோகும். இங்கே அப்படி இல்லை. நிலப்பரப்பில் யாழ்ப்பாணத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிய மாவட்டம், சனம் கொஞ்சம். இங்கே ஒவ்வொரு பெயருக்கும் கனம் கூட.

மாகாணம் முழுக்கப் பார்த்தால் கூட்டமைப்புக்கு 28, போனஸ் இரண்டோடு 30. வெற்றிலைக்கு 7, மன்னாரில் முஸ்லிம் காங்கிரசுக்கு 1. போனஸில் ஒன்றைக் கூட்டமைப்பு ஒரு முஸ்லிம் சகோதரருக்குக் கொடுத்தது. அது எனக்குப் பிடித்த விஷயம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சனத்துக்கும் அந்தச் சபையில் ஓர் இருக்கை இருக்க வேண்டும்தானே.

அந்தச் சபை எல்லாம் செய்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கைதடியில் கூடினார்கள், பிரேரணை மேல் பிரேரணை போட்டார்கள். காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் கடதாசியில் மட்டும் இருந்தன. ஆளுநர் ஜனாதிபதியின் ஆள். உள்ளுக்குள்ளும் சண்டை, 2017இல் முதலமைச்சருக்கு எதிராக அவருடைய பக்கத்து உறுப்பினர்களே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொடுத்து, பிறகு திரும்ப வாங்கினார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் பிள்ளை, ஒன்று சொல்கிறேன். நான் படிப்பித்த பள்ளிக்கூடம் மாகாணப் பாடசாலை. நீ பிறந்த பிறகு காய்ச்சலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆஸ்பத்திரி மாகாணத்தினுடையது. அப்பாவுக்கு விதைநெல் பற்றிச் சொல்ல வரும் விவசாயப் போதனாசிரியர் மாகாணத்தின் ஆள். எங்கள் வாழ்க்கையின் பாதி அந்தச் சபையின் கையில்தான் இருந்தது.

உயர்தரத்துக்குக் கணித ரீச்சர் இல்லாமல் ஒரு வருஷம் கிடந்தோமே, ஞாபகம் இருக்கா? பெற்றார் பத்துப் பேர் சேர்ந்து மாகாண சபை உறுப்பினர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் போய் இருந்தோம். அவர் வந்து தேத்தண்ணி தந்தார், முகம் சுளித்தார், அடுத்த கிழமை கைதடியில் அதைப் பற்றிக் கதைத்தார். ரீச்சர் வர நான்கு மாதம் எடுத்தது. நான்கு மாதம் கூடத்தான். ஆனால் அவர் அடுத்த தடவையும் எங்களிடம் புள்ளடி கேட்டு வரவேண்டிய ஆள், அது அவருக்குத் தெரியும். இப்போது அதே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை. வலயத்துக்கு எழுதினார்கள், மாகாணக் கல்வி அமைச்சுக்கு எழுதினார்கள், ஆளுநர் செயலகத்துக்கும் எழுதினார்கள். எல்லாரும் கடிதம் கிடைத்தது என்று பதில் போட்டார்கள். யாருடைய விறாந்தையில் போய் இருப்பது என்றுதான் தெரியவில்லை.

சபையின் காலம் 2018 அக்டோபர் 24ஆம் தேதி முடிந்தது. தேர்தல் ஏன் வரவில்லை என்றால், அதற்கு முந்திய வருஷம் சட்டத்தை மாற்றினார்கள். பாதிப் பேரைத் தொகுதி வாரியாகவும் பாதிப் பேரைப் பட்டியலிலிருந்தும் எடுப்பது என்று. தொகுதி என்றால் எல்லை போட வேண்டும். எல்லை போட்ட அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒருவரும் கை தூக்கவில்லை. புது முறைக்கு எல்லை இல்லை, பழைய முறைக்குச் சட்டம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நாட்டின் ஒன்பது மாகாணமும் நிற்கிறது. பழைய முறையிலேயே நடத்துவதற்கு ஒரு திருத்தம் போதும். மனம் வைத்தால் நடக்கும். தொகுதி முறை எங்களைப் போல ஒதுக்குப்புற ஊருக்கு நல்லது என்று அப்பா சொல்வார், எங்கள் ஆள் என்று ஒருவரைக் காட்டலாம் என்று. எனக்கு அதில் பயம் உண்டு. சிதறி இருக்கிற சிறிய சனத்தின் வாக்கு அதில் காணாமல் போகும். மன்னாரில் கிடைத்த அந்த ஓர் ஆசனம் விகிதாசாரத்தால் வந்தது. இதில் நானும் அப்பாவும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இப்போது உன் பெயருக்கு வருகிறேன். வெள்ளவத்தையில் நீ இருக்கும் வீட்டு அன்ரி வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளின் பெயரைப் படிவத்தில் எழுத விரும்ப மாட்டா என்று போன வருஷம் நீயே சொன்னாய். இங்கே வெட்டி, அங்கே ஏறாமல் விட்டால் நீ இந்த நாட்டில் எங்கேயும் இல்லாத ஆள். அதை மட்டும் நான் விட மாட்டேன். இன்னொன்று, யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 2010இல் நாடாளுமன்றத்தில் 9 பேர். போன வருஷம் 6 பேர். இடாப்பில் பெயர் குறையக் குறைய ஆசனமும் குறைகிறது. வெளிநாடு போனவர்கள் போனது போகட்டும், லீவுக்கு லீவு வீட்டுக்கு வருகிற நீயும் ஏன் குறைய வேண்டும்? அங்கேதான் இனி என் வாழ்க்கை என்று நீ சொன்னால், சரி, அங்கே பதி, மேல் மாகாண சபைக்கு நீ போடு. அதுவும் உன் உரிமைதான். ஆனால் கோபத்தில் வெட்டச் சொல்லாதே.

விதானையார் வெள்ளிக்கிழமை திரும்ப வருவார். படிவத்தில் உன் வரியைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். வியாழன் இரவு வேலை முடிந்து அறைக்கு வந்த பிறகு, பஸ்ஸில் நின்றுகொண்டு இல்லாமல், ஆறுதலாக எடு. உன் அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி மூன்று எண்ணும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, அதையும் சொல்.

அம்மா