ஓட்டு வீட்டைப் பிரிக்கும் முன்

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா.

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை செல்வி எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் நலமறிய ஆவல்.

உங்கள் கடிதம் கிடைத்தது. தை பிறந்ததும் ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டப்போவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஐப்பசி மழையில் அடுக்களை ஒழுகும் இடங்களிலெல்லாம் பாத்திரம் வைத்தவள் நான்தான். ஆனால் கடிதத்தோடு வந்த வரைபடத்தில் திண்ணையே இல்லை என்பதைப் பார்த்த பிறகு, மனத்தில் உள்ளதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அத்தை பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் பிள்ளை பெற்றதும் எல்லாம் ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டில்தான். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது லயங்களை இடித்துவிட்டார்கள். தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், இந்த ஊரில் பிறந்து அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (இந்த ஊர்ப் பணத்தை அப்படித்தான் சொல்வார்கள்) சேர்த்துத் தோட்டங்களை வாங்கியதை அத்தை நேற்று நடந்ததுபோல் சொல்வார். மாமா அதில் பங்கு கட்டியவர். அந்தத் தாள் இன்றும் முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் அவர்கள் குடியிருந்த தோட்டம் வேறு கைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை கடனில் தாமான் என்கிற இந்தக் குடியிருப்பில் வீட்டை வாங்கினார். குழாயைத் திறந்தால் தண்ணீர், தரையெங்கும் பளபளக்கும் ஓடு, வாசலில் இரும்புக் கேட்டு, அதற்குள் பூட்டுப் போட்ட கம்பிக் கதவு என்று எல்லாம் இருக்கின்றன. லயத்தில் பலகைச் சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டார் இருமினாலும் கேட்குமாம். அந்தக் குறையெல்லாம் தெரிந்தவர்தான் அத்தை. இருந்தாலும், பக்கத்து வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று தெரியாமல் ஒருவேளைச் சோறு எப்படி இறங்கும் என்று கேட்கிறார்.

பின்வீட்டுப் பெரியம்மாவைப் பற்றிப் போனில் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். ஆயுள் முழுவதும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். இப்போது வெட்டுவதற்கு ஒரு மரமும் இல்லை; ஆனாலும் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, வரக்கோப்பி குடித்துவிட்டு, எங்கள் பின்சந்து முழுவதையும் கூட்டிவிடுவார். ரப்பர் பால் பிடித்த பழைய மங்குக் கிண்ணங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தாராம். அவற்றில் மஞ்சளும் துளசியும் மிளகாயும் நட்டு, எங்கள் பின்கதவு வரை வரிசையாக வைத்திருக்கிறார். மங்கின் உள்விளிம்பில் காய்ந்த பால் கறுத்து ஒட்டியிருக்கிறது. என் மகள் அதை நகத்தால் கிள்ளி, நாடாவாக இழுத்து விளையாடுகிறாள். நான் வந்த புதிதில் ஒரு நாள் அந்தப் பெரியம்மா கேட்காமல் கொள்ளாமல் அடுக்களைக்குள் வந்து, கொதிக்கும் ரசத்தில் கரண்டியை விட்டு உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்து, "மிளகு பத்தாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் இந்த வீடு எனக்குக் கொஞ்சமாவது பழகத் தொடங்கியது அன்றைக்குத்தான். நினைத்த நேரத்தில் நுழைந்து குறை சொல்ல ஆள் இல்லாத வீட்டில் விருந்தாளிபோலத்தான் இருக்க வேண்டியிருக்கிறது.

மாப்பிள்ளைக்கு இப்போது ஓவர்டைம் இல்லாததால் மாலையில் பிள்ளையோடு இருக்கிறார், அதுவும் நல்லதுதான். நான் முறுக்குச் சுட்டு இரவுச் சந்தையில் விற்பது பொழுது போவதற்காகத்தான். அம்மா வேறுவிதமாக எண்ண வேண்டாம்.

அண்ணா, அம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவும்போது, தெருவில் போகிறவர்கள் எல்லாரும் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தானே போவார்கள்? இங்கே மத்தியானம் இருட்டிக்கொண்டு மழை கொட்டும்போது அந்த நினைவு வந்துவிட்டால், பிசைந்த மாவு அப்படியே கிடக்கிறது. திண்ணை இல்லாவிட்டால் அம்மா எங்கே உட்காருவார்? உள்ளே தொலைக்காட்சிக்கு முன்னாலா?

மனை அப்பா பெயரிலேயே இருப்பதால் என் கையெழுத்தும் தேவைப்படும். அதிகாரப் பத்திரத்தின் வாசகத்தை ஆவண எழுத்தரிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள். கோலாலம்பூருக்கு ரயிலில் போய், இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்புகிறேன். அது அங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். வழக்கம்போல் பீரோவில் வைத்துவிடாதீர்கள். சின்னச் சித்தப்பா வடபுறச் சுவரைப் பற்றி மறுபடி பேச்செடுக்கும் முன், சர்வேயரைக் கூட்டி வந்து அளந்து கல் நட்டுவிட்டுக் கடைக்கால் தோண்டுங்கள். நீங்கள் கேட்ட தொகையைச் சித்திரை வாக்கில் அனுப்பப் பார்க்கிறேன். வெள்ளியின் மதிப்பு இன்னும் ஏறட்டும் என்று மாப்பிள்ளை சொல்கிறார், வேறொன்றும் இல்லை. திண்ணைக்கு இடம் போதாது என்று கொத்தனார் சொன்னால், முன்பக்கம் கார் நிறுத்தப் போட்டிருக்கும் இடத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். நம் வீட்டில் கார் வாங்கும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை
செல்வி