தலைக்கும் கம்பிக்கும் நடுவே

அன்புள்ள கயலுக்கு,

நலம்தானே? ஞாயிற்றுக்கிழமை போனில், "எட்டு சேனல் போர்டை மாட்டிட்டேன், திரை முழுக்கக் கிறுக்கல்தான் வருது, என் மூளை எங்கேம்மா?" என்று கேட்டாய். போனில் சொல்லித் தீருகிற விஷயம் இல்லை. போர்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படி.

மூளை அலையைப் படித்துக் கணினியை ஓட்டும் உன் திட்டத்தின் அறிக்கையில் அல்காரிதத்துக்குப் பன்னிரண்டு பக்கம், சிக்னலை வாங்கும் உலோக முனையான எலக்ட்ரோடுக்கு ஒரே ஒரு பத்தி. அதைத் திருப்பிப் போடு. உடம்பும் உலோகமும் தொடும் இடத்தில்தான் இந்தத் துறை ஜெயிப்பதும் தோற்பதும். நீ தலையில் ஒட்டுகிற எட்டு எலக்ட்ரோடுக்கும் அதுதான் நிலைமை, மண்டையைத் திறந்து உள்ளே வைக்கிற ஆயிரம் எலக்ட்ரோடுக்கும் அதுதான்.

அளவை முதலில் புரிந்துகொள். தலைத்தோலில் கிடைக்கும் மூளை மின்னலை, அதாவது இஇஜி, 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரைதான். பென் டார்ச்சில் போடும் பேட்டரி 1.5 வோல்ட், அதை ஒன்றரை லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு 10 மைக்ரோவோல்ட். உன் அறைச் சுவரில் ஓடுவதோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நீ இருக்கும் ஜெர்மனியிலும் நம் ஊரிலும் அது ஒன்றுதான். எலக்ட்ரோடு தோலோடு சரியாகச் சேராவிட்டால், அந்தக் கம்பி ஆன்டெனாவாகி, சுவர் மின்சாரத்தைத்தான் வாங்கித் தரும். நீ பார்த்த கிறுக்கலில் பெரும்பங்கு அதுவாகத்தான் இருக்கும்.

இனி தலை. நீ இன்னும் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொள்கிறாய் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பதிவுக்கு முந்தின இரவு ஷாம்பூ போட்டு இரண்டு முறை அலசு. கண்டிஷனர் வேண்டாம், மறுநாள் பதிவு முடியும்வரை எண்ணெய் தொடாதே. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. அதன் மேல் மின்சாரம் கடத்தும் பேஸ்டை எவ்வளவு அப்பினாலும் பயன் இல்லை.

தையல் டேப் ஒன்று எடு. மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை அளந்து, பாதியில் ஒரு புள்ளி. அடுத்து, ஒரு காதுக்கு முன்னுள்ள குழியிலிருந்து உச்சி வழியாக மறு காதின் குழிவரை அளந்து அதிலும் பாதி. இரண்டும் வெட்டுகிற இடத்தின் பெயர் சிஇசட். அங்கிருந்து இடப்பக்கம், காதுக்குக் காது நீளத்தில் 20 விழுக்காடு தள்ளி சி3, அதே அளவு வலப்பக்கம் சி4. நீளம் 35 செ.மீ. என்றால் 7 செ.மீ. தள்ளினால் போதும். வலது கையை அசைக்க நினைக்கும்போது சி3-ன் அடியிலும், இடது கைக்கு சி4-ன் அடியிலும்தான் மாற்றம் தெரியும். கண்ணளவில் வைக்காதே. ஒரு விரற்கடை தவறினாலும் வேறு கதை படிப்பாய்.

சீப்பின் கூர்முனையால் வகிடு எடுத்துத் தோல் தெரியும்படி முடியை ஒதுக்கு. பஞ்சுக் குச்சியில் பயறளவு தேய்ப்பு ஜெல் எடுத்து நாலைந்து முறை தேய். மேலே இருக்கிற இறந்த தோல் அடுக்குதான் பெரிய தடை, அது போனால் போதும். தோல் லேசாகச் சிவக்கலாம், கீறல் விழக் கூடாது. பிறகு எலக்ட்ரோடின் கிண்ணத்தைப் பேஸ்டால் சற்று மேடாக நிரப்பி, வகிட்டில் வைத்து அழுத்தி, மேலே ஒரு துண்டு காஸ் துணி வைத்துப் பத்து எண்ணும்வரை விரலால் பிடி. ஓரத்தில் பேஸ்ட் கொஞ்சம் பிதுங்கும், அது நல்ல அறிகுறி. ஆனால் அந்தப் பிதுக்கம் பக்கத்து எலக்ட்ரோடின் பேஸ்டைத் தொட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இரண்டு சேனல் அச்சு எடுத்த மாதிரி ஒரே கோட்டைக் காட்டினால் அதுதான் காரணம். துடைத்துவிட்டுக் குறைவாக வை.

இம்பீடன்ஸ், அதாவது தொடும் இடத்தின் மின்தடை, 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்க வேண்டும். அதைவிட முக்கியம், எட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பது. ஒன்று 4, இன்னொன்று 40 என்றால், ஆம்ப்ளிஃபயர் கழித்துத் தள்ள வேண்டிய இரைச்சல் கழியாமல் அப்படியே தங்கிவிடும். ஒரு சேனல் மட்டும் மோசம் என்றால் அந்த எலக்ட்ரோடைப் பார். எட்டும் சேர்ந்து மோசம் என்றால் எட்டையும் பிடுங்காதே. காது மடலில் மாட்டிய ஒப்பீட்டு எலக்ட்ரோடை, அதாவது ரெஃபரன்ஸைத்தான், முதலில் பார்க்க வேண்டும். எல்லாச் சேனலும் அதை வைத்துத்தான் கணக்காகிறது. வெள்ளி–வெள்ளிக் குளோரைடு எலக்ட்ரோடுகளோடு தங்க முலாம் பூசியதைக் கலக்காதே. இரண்டு உலோகம் சேர்ந்தால் தனக்குத் தானே ஒரு மின்னழுத்தம் உண்டாகிக் கோடு மெல்ல நகர்ந்துகொண்டே போகும்.

இதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்: போர்டு பேட்டரியில் ஓட வேண்டும், லேப்டாப்பின் சார்ஜர் கழற்றியிருக்க வேண்டும், தரவு ப்ளூடூத்தில் போக வேண்டும். இரைச்சலுக்காக மட்டும் சொல்லவில்லை. தோலைத் தேய்த்துத் தடையைக் குறைத்த தலையைச் சுவர் மின்சாரத்தோடு எந்த வழியிலும் சேர்க்கக் கூடாது.

அடுத்து சோதனை. பின்மண்டை மேட்டுக்கு மூன்றரை செ.மீ. மேலே, நடுக்கோட்டின் இரு புறமும் ஓ1, ஓ2. கண்ணைத் திறந்து ஒரு நிமிடம் உட்கார். பிறகு மூடு. ஒன்றிரண்டு நொடியில், தட்டையாக நெளிந்துகொண்டிருந்த கோடு சீப்புப் பல் மாதிரி வரிசையாக எழும்பும், நொடிக்குச் சுமார் பத்து. திறந்தால் அடங்கும். அதுதான் ஆல்ஃபா அலை. அதைப் பார்த்த பிறகுதான் "என் மூளை எங்கே" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததாக அர்த்தம். சிலருக்கு இயல்பிலேயே ஆல்ஃபா குறைவு, ஆகவே உன்னிடம் தெரியாவிட்டால் தோழி ஒருத்தியையும் உட்கார வைத்துப் பார். 1924-ல் ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனிதத் தலையிலிருந்து முதல் இஇஜி எடுத்தது உன் ஊருக்குப் பக்கத்தில், யேனாவில்தான். ஐந்து வருடம் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டு 1929-ல்தான் வெளியிட்டார். அந்தப் பொறுமை உனக்கும் வேண்டும் கண்ணு.

பல்லைக் கடித்துப் பார், கண்ணைச் சிமிட்டியும் பார். தாடைத் தசையின் சிக்னலும் இமையின் சிக்னலும் மூளையுடையதைவிடப் பல மடங்கு பெரிதாக வரும். இதில்தான் நல்ல நல்ல மாணவர்களும் ஏமாறுகிறார்கள். திரையில் வலப்பக்கம் அம்புக்குறி வந்தால் கண் வலப்பக்கம் ஓடும். அல்காரிதம் கண்ணோட்டத்தைக் கற்றுக்கொண்டு 95 விழுக்காடு சரி என்று காட்டும். நீயோ மூளையைப் படித்துவிட்டதாக நினைப்பாய். அம்புக்குறியைத் திரையின் நடுவிலேயே காட்டு. அல்காரிதம் எந்த எலக்ட்ரோடுக்கு அதிக எடை கொடுக்கிறது என்று பார். சி3, சி4-ஐ விட்டுவிட்டு நெற்றியும் காதோரப் பொட்டும் முன்னால் வந்தால் அந்த முடிவைத் தூக்கிப் போடு.

கை அசைவைக் கற்பனை செய்யும் பயிற்சிக்கு: இரண்டு நொடி ஓய்வு, குறி, நாலு நொடி கற்பனை, பிறகு இரண்டு முதல் மூன்று நொடி வரை மாறி மாறி இடைவெளி. ஒவ்வொரு கைக்கும் 40 முறை, பத்துப் பத்தாகப் பிரித்துக்கொள். கை அசைவதைப் படமாகப் பார்க்காமல், உள்ளங்கையில் மாவு பிசையும்போது வருகிற அந்த இறுக்கத்தை உணர வேண்டும். இதுதான் பயிற்சியின் உயிர். 8 முதல் 30 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டு மற்றதை வடிகட்டு. கற்பனை செய்யும்போது எதிர்ப்பக்கத்து அலை குறையும், அதிகரிக்காது. அதிகரிக்கும் என்று எதிர்பார்த்துத் தேடினால் கிடைக்காது.

கணக்கில் ஒரு பொறி உண்டு. இரண்டு கையின் அலையையும் பிரித்துக் காட்டும் சிஎஸ்பி வடிகட்டியை மொத்தத் தரவிலும் கணக்கிட்டுவிட்டு, அப்புறம் பயிற்சி, சோதனை என்று பிரித்தால், சோதனைத் தரவின் வாசனை ஏற்கனவே உள்ளே போய்விட்டது. எண் அழகாக வரும், நேரடியாக ஓட்டும்போது சரியும். முதலில் பிரி, பயிற்சிப் பகுதியில் மட்டும் வடிகட்டியைக் கணக்கிடு. 80 முறை செய்த சோதனையில் 58 விழுக்காடு சரியாக வந்தால் குதிக்காதே, காசு சுண்டினாலும் அவ்வளவு வரலாம். 60-ஐத் தாண்டினால்தான் யோசிக்கலாம், 70-க்கு மேலே போனால்தான் கர்சரை ஓட்டப் பயன்படும். எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் 70-ஐத் தொடாதவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை என்று பதிவுக்கு வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடு.

"அப்படியானால் உள்ளேயே வைத்துவிடலாமே" என்று நீ கேட்பாய். மண்டை ஓடு சிக்னலைக் குறைப்பதோடு பரப்பியும் விடுகிறது, அதனால் உள்ளே போனால் மூளையின் நரம்புச் செல்லான நியூரானின் துடிப்பும் தனித்தனியாகக் கேட்கும் என்பது உண்மைதான். மூளைக்குள் வைக்கும் யூட்டா அரே என்ற கருவி 4 மில்லிமீட்டர் சதுரச் சிலிக்கான்; அதில் 10-க்கு 10 ஊசி, ஒவ்வொன்றும் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர். மெல்ல அழுத்தினால் மூளை குழிந்து கொடுக்கும், ஊசி ஏறாது. ஆகவே காற்றழுத்தத்தால் ஒரே தட்டில் இறக்குகிறார்கள். 2004-ல், கழுத்துக்குக் கீழே செயலிழந்த மேத்யூ நேகல் என்பவருக்கு வைத்த பிரெயின்கேட் கருவி இந்த வகைதான்.

உள்ளே போனாலும் தொடும் இடத்தின் பிரச்சினை விடாது. மூளை கெட்டித் தயிர் போல மிருது, சிலிக்கான் கண்ணாடியைவிட விறைப்பு. இதயம் துடிக்கும்போதும் மூச்சு விடும்போதும் மூளை நுட்பமாக அசையும், ஊசி அசையாது. உரசிய இடத்தைச் சுற்றி மூளையின் துணைச் செல்களான கிளியா செல்கள் தழும்பு கட்டுகின்றன, நியூரான்கள் தூரமாகின்றன. சிக்னல் மாதக் கணக்கில் மங்குகிறது. இன்று கேட்ட நியூரான் நாளை கேட்காமலும் போகலாம்; அதனால்தான் சிக்னலைப் படிக்கும் டிகோடரை அடிக்கடி மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கிறது. நியூராலிங்க் நிறுவனம் இதற்காகவே மெல்லிய, வளையும் இழைகளைப் பயன்படுத்துகிறது: 64 இழை, 1024 எலக்ட்ரோடு. 2024 ஜனவரியில் முதல் மனிதருக்கு வைத்தார்கள், சில வாரத்தில் பல இழைகள் மூளையிலிருந்து பின்வாங்கிவிட்டன. மென்பொருளை மாற்றித்தான் வேகத்தை மீட்டார்கள். சின்க்ரான் நிறுவனம் மண்டையைத் திறக்காமலே கழுத்து இரத்தக் குழாய் வழியாக, மூளையின் மேலுள்ள பெரிய இரத்தக் குழாய்க்குள் 16 எலக்ட்ரோடு கொண்ட வலையைக் கொண்டுபோய் வைக்கிறது. சிக்னல் கரடுமுரடு, ஆனால் மூளைத்திசுவில் ஊசி இறங்குவதில்லை. எனக்கு இந்த வழியின் மேல் மரியாதை அதிகம்.

பேச்சிழந்தவர்களுக்கான வேலையைத்தான் நீ அதிகம் படிக்க வேண்டும். 2024-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் குழு, தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்க வைக்கும் ஏஎல்எஸ் நோயால் பேச்சு குழறிப்போன ஒருவருக்கு 256 எலக்ட்ரோடு வைத்து, 1,25,000 சொற்களுக்குள் 97 விழுக்காட்டுக்கு மேல் சரியாகப் படித்துக் காட்டியது. கவனி, அது எண்ணத்தைப் படிக்கவில்லை. அவர் பேச முயல்கிறபோது உதட்டுக்கும் நாக்குக்கும் போகிற கட்டளையைப் படிக்கிறது. அதிலிருந்து ஒலிகளை ஊகித்து, ஒலிகளிலிருந்து, எந்தச் சொல் பொருந்தும் என்று ஊகிக்கும் மொழி மாடல் சொற்களைத் தேர்ந்தெடுக்கிறது.

அங்கேதான் நம் மொழிக்கு வேலை இருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒன்றேகால் லட்சம் சொல் போதும். தமிழில் "போகாதவர்களுக்காகத்தான்" என்பது ஒரே சொல். ஒரு வினையடியே ஆயிரக்கணக்கில் வடிவம் எடுக்கும்போது சொற்பட்டியல் முறை நொறுங்கிவிடும். அடியையும் விகுதியையும் தனித்தனியாக ஊகிக்கிற மாதிரி கட்ட வேண்டும். நம் ஊரில் பேச்சு நின்றுபோன ஒருவர் தன் பேத்தியைத் தமிழில் கூப்பிட வேண்டுமென்றால் இதை யாராவது செய்தாக வேண்டும். உன் அடுத்த திட்டத்துக்கு இதை யோசித்துப் பார்.

இன்னொன்று. கண் பார்வைக்கான 60 எலக்ட்ரோடு விழித்திரைக் கருவியை உலகெங்கும் முந்நூற்றுச் சொச்சம் பேர் பொருத்திக்கொண்டார்கள். தயாரித்த நிறுவனம் அதைக் கைவிட்டது. கருவி கண்ணுக்குள், பழுது பார்க்க ஆள் இல்லாமல் போனது. நீ எந்த ஆய்வில் சேர்ந்தாலும் ஒப்புதல் படிவத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கிறதா என்று பார்: ஆய்வு முடிந்தபின் கருவி யாருடையது, எடுக்கும் செலவு யாருடையது, மூளைத் தரவு யாரிடம் போகும். சிலி நாடு 2021-ல் மூளைச் செயல்பாட்டுக்கும் அதன் தகவலுக்கும் அரசியலமைப்பிலேயே பாதுகாப்பு கொடுத்தது. மற்ற பல நாடுகளில் இப்போதைக்குப் பெரிதும் படிவம்தான் காப்பு.

பதிவு முடிந்ததும் பேஸ்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டுக் கழுவு, நகத்தால் சுரண்டாதே. வெள்ளிக் குளோரைடு பூச்சு போய்விடும். உன் முதல் பதிவை எனக்கு அனுப்பு: கண் திறந்து ஒரு நிமிடம், மூடி ஒரு நிமிடம், எட்டு சேனலும், 50 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போடாமல். பக்கத்தில் ஒவ்வொரு எலக்ட்ரோடின் இம்பீடன்ஸையும், எத்தனை மணிக்கு அளந்தாய் என்பதையும் எழுது. சனிக்கிழமை மதியம் உனக்கு வசதிப்படுமானால் வீடியோவில் சேர்ந்தே பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா