புகார்: பின்பக்க அப்சார்பர் ஜோடி, ஆறாவது கடிதம்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதற்கு முன் ஐந்து மின்னஞ்சல்களை ஆங்கிலத்தில் எழுதினேன். ஐந்துக்கும் ஒரே பதில்தான் வந்தது: "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், மூன்று வேலை நாள்களில் தொடர்புகொள்வோம்." கமா கூட மாறவில்லை, ஐந்தாவதின் கீழே மட்டும் ஒரு குறிப்பு ஒட்டியிருந்தது. உங்கள் இணையப் பக்கத்தில் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் சேவை உண்டு என்று போட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை தமிழில் எழுதுகிறேன். இதை ஒரு மனிதர் படித்தால் போதும். ஆர்டர் எண், ரசீது, படங்கள், ஒரு நிமிட வீடியோ எல்லாம் முந்தைய ஐந்திலும் இருக்கின்றன. ஆறாவது முறையும் இணைத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களிடம் 236 சிங்கப்பூர் வெள்ளிக்கு, காரின் ஆட்டத்தை அடக்கும் பின்பக்க அப்சார்பர் ஒரு ஜோடி வாங்கினேன். ஜோடியில் ஒன்று என் காருக்கு உரியதே இல்லை. சரியாக இருந்த இன்னொன்று, பொருத்திப் பதினாறே நாளில் எண்ணெய் கக்கிவிட்டது. ஓராண்டு உத்தரவாதத்தில் மாற்றித் தரச் சொன்னால், வீட்டில் பொருத்தியதால் உத்தரவாதம் செல்லாது என்கிறீர்கள். அட்டைப்பெட்டியின் மேலே யார் அச்சடித்தது, "வீட்டிலேயே எளிதாகப் பொருத்தலாம்" என்று? நானா?

கார் ஒன்பது வருடம் ஓடிய சிறிய ஹேட்ச்பேக். சிஓஇ, அதாவது கார் வைத்திருக்கும் பத்து வருட உரிமம், இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது. அதன்பிறகு ஸ்கிராப் போகப்போகிற காருக்கு ஒர்க்‌ஷாப்பில் 480 வெள்ளி கேட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. பின்பக்கம் ஹம்ப் (வேகத்தடை) ஏறி இறங்கினால் படகு மாதிரி மூன்று தடவை ஆடும். பின் டயரில் அங்கங்கே குழி குழியாகத் தேய்மானம். பழைய அப்சார்பர் இரண்டும் செத்துப்போய்விட்டன என்று சொல்ல எனக்கு மெக்கானிக் தேவையில்லை. கப்பல் பட்டறையில் 26 வருடம் ஃபிட்டர் வேலை பார்த்தவன் நான், இன்னும் பார்க்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

வாங்குவதற்கு முன் சேஸிஸ் எண்ணை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிக் கேட்டேன். "கன்ஃபர்ம் ஃபிட்" என்று பதில் வந்தது. அந்தப் படமும் இணைப்பில் இருக்கிறது.

எங்கள் புளோக்கின் பலமாடி கார்பார்க்கில் காரை ஸ்டாண்டில் தூக்கி வைத்துவிட்டு வேலை பார்க்க விடமாட்டார்கள். ஆகவே செம்பவாங்கில் மச்சானின் தரை வீட்டுப் போர்ச்சைக் கேட்டு வாங்கினேன். ஒரு சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஆரம்பித்தேன். முன் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு, பின் பீமுக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி. பீமைத் தாங்காமல் கீழ் போல்ட்டைக் கழற்றினால் அது தொங்கி, ஸ்பிரிங் நழுவி, பிரேக் ஹோஸையும் இழுத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். முந்தின நாளே துரு எண்ணெய் அடித்து ஊற வைத்திருந்தும் இடப்பக்கக் கீழ் போல்ட் அசைய மறுத்தது. ஒன்றரை மீட்டர் பைப்பை ஸ்பானரில் மாட்டி இழுத்த பிறகுதான் கிரீச்சென்று விட்டது. அதில் பழைய ரப்பர் புஷ்ஷும் கிழிந்துபோனது. மேல் நட்டுக்கு டிக்கியின் உள்பக்க மூடியைக் கழற்ற வேண்டும், நட்டைத் திருப்பினால் ராடும் சேர்ந்து சுற்றும், அதை ஆலன் கீயால் பிடித்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எனக்குக் கஷ்டமே இல்லை.

புதியதை நேராக நிறுத்தி ஐந்தாறு தடவை அமுக்கி விட்டு, இடப்பக்கம் ஏற்றினேன். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. அப்போது உங்களை மனதாரப் பாராட்டினேன், அதையும் பதிவு செய்கிறேன். வலப்பக்கத்துக்கு வந்தேன். அப்சார்பரின் கீழ் வளையத்தில் போல்ட் நுழையவில்லை. திருப்பிப் பார்த்தேன், துடைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. வெர்னியர் வைத்து அளந்தேன். என் போல்ட் 12 மி.மீ., உங்கள் புஷ்ஷின் ஓட்டை 10 மி.மீ. இரண்டு பெட்டியிலும் ஒரே பாக எண். உள்ளே இருந்தது மட்டும் இரண்டு வெவ்வேறு காரின் அப்சார்பர்.

உடனே உங்கள் வாட்ஸ்ஆப் எண்ணுக்குப் படம் அனுப்பினேன். இருபது நிமிடம் கழித்து வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "டிரில் பிக்கர் கேன்."

டிரில் பண்ணலாமாம். புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயைத் துளைத்துப் பெரிதாக்கினால் அதன் சுவர் மெலிந்துபோகும். அந்த ஒற்றை போல்ட்டை நம்பித்தான் 80 வயது அம்மா பின் சீட்டில் உட்காருகிறார். உங்கள் நிறுவனத்தில் இதைத் தட்டச்சு செய்தவர் யாராக இருந்தாலும், அவரைத் தயவுசெய்து வேறு துறைக்கு, ஸ்டிக்கர் விற்கும் பகுதிக்கு, மாற்றுங்கள்.

பழையதைத் திருப்பி மாட்டவும் வழியில்லை, இடப்பக்கப் புஷ் கிழிந்துவிட்டது. வலப்பக்கம் பழையது, இடப்பக்கம் புதியது என்று ஓட்டுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கார் ஸ்டாண்டிலேயே நின்றது. மச்சான் தன் காரைத் தெருவில் நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வீட்டம்மா மட்டும் தினமும் காலையில் ஒரு தடவை போர்ச்சைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் நிக்குதா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நீங்கள் நஷ்டஈடு கணக்குப் போட முடியுமா?

அம்மாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். கார் நின்ற பன்னிரண்டு நாளில் ஐந்து முறை டாக்சி, போக வர 36 வெள்ளி.

திங்கட்கிழமை உங்கள் எண்ணுக்கு அழைத்தேன். 40 நிமிடம் இசை. பிறகு ஒரு பெண்மணி, மரியாதையாகத்தான் பேசினார், பொருளைத் துவாஸ் கிடங்குக்குக் கொண்டுவந்தால் அங்கேயே மாற்றித் தருவார்கள் என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நம்பி நான் இழந்த செவ்வாய்க்கிழமையைப் பற்றி எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் முன்னுரை.

கார் இல்லை, ஆகவே ரயில். தவறான அப்சார்பரையும், ஒப்பிட்டுக் காட்டப் பழையது ஒன்றையும் ஐந்து கிலோ அரிசிப் பையில் போட்டுக்கொண்டு செம்பவாங்கில் ஏறினேன். பழையதில் மிச்சமிருந்த எண்ணெய் கசிந்து தரையில் ஒரு கோடு. கைக்குட்டையால் துடைத்தபடியே நின்றேன். எதிரே உட்கார்ந்திருந்த பள்ளிச் சிறுமி தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஜூரோங் ஈஸ்ட்டில் வெளியே கோப்பி குடித்துவிட்டுத் திரும்ப நுழையும்போது பையை எக்ஸ்ரேயில் போடச் சொன்னார்கள். திரையில் தடித்த குழாய் இரண்டு. "அங்கிள், திஸ் ஒன் வாட்?" என்று கேட்டார் அந்த இளைஞர். சட்டையெல்லாம் எண்ணெயோடு நின்று, காரின் பின்பக்கம் எப்படி ஆடும் என்று கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினேன். விட்டார்கள். அங்கிருந்து துவாஸ் லிங்க் நிலையம், பிறகு பேருந்து, பிறகு லாரிகள் மட்டும் போகிற சாலையில் வெயிலில் நடை.

12.35க்குப் போய்ச் சேர்ந்தேன். 12.30க்கு உணவு இடைவேளை. உள்ளே மூன்று பேர் தெரிகிறார்கள், கதவைத் தட்டினால் ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். வாசலில் இருந்த பாதுகாவலர், வயதானவர், தன் நாற்காலியைக் கொடுத்துத் தண்ணீரும் கொடுத்தார். உங்கள் நிறுவனத்தில் வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். 1.30க்கு உள்ளே போனேன். பையை அவிழ்க்கக்கூட விடவில்லை. "எக்ஸ்சேஞ்ச் நாட் ஹியர். காக்கி புக்கிட்." முடிந்தது. தீவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்த் திரும்பியது, அந்த ஐந்து வார்த்தையைக் கேட்க.

வியாழக்கிழமை இன்னொரு விடுப்பு. காக்கி புக்கிட் கவுன்டர்.

இங்கேதான் அந்தத் தம்பி. பெயர் சொல்லமாட்டேன், அன்று பிற்பகல் கவுன்டரில் யார் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் ஆங்கிலத்தில் பேசினார். நான் தமிழ் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். நம்ம ஆள், புரியும்படி சொல்லலாம் என்று இரண்டு அப்சார்பரையும் மேசை மேல் வைத்து ஓட்டையைக் காட்டினேன். அவர் ஓட்டையைப் பார்க்கவில்லை. என் கை நகத்தில் இருந்த கிரீஸைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அங்கிள், யூடியூப் பாத்து வேல செஞ்சா இப்படித்தான் ஆகும். மெக்கானிக் கையில குடுத்திருக்கலாம்ல?" பக்கத்தில் நின்ற இன்னொருவரும் சிரித்தார்.

ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். நான் அவருக்கு வெர்னியர் பிடிக்கக் கற்றுத்தரும் வயதுள்ளவன். 10 மி.மீ. ஓட்டையில் 12 மி.மீ. போல்ட் எந்த மெக்கானிக் கையில் நுழையும் என்று கேட்டேன். "சரி சரி, டென்ஷன் ஆகாதீங்க" என்று ஒரு படிவத்தைத் தள்ளினார். மூன்று வேலை நாள் என்றார், ஏழு நாள் ஆனது. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. அவருடைய வேலைக்கு உலை வைக்க நான் எழுதவில்லை. ஒரு போன் போட்டு, "அங்கிள், அன்னைக்கு நான் பேசுனது தப்பு" என்று சொன்னால் போதும்.

சரியான அப்சார்பர் வந்து, அன்று மாலையே மாட்டி, காரைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே கீழ் போல்ட்டைக் கடைசியாக முறுக்கினேன். தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ் முறுகிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். அதன்பிறகுதான், முதலில் மாட்டிய இடப்பக்க அப்சார்பர் பதினாறாம் நாள் கசிந்தது. "தவறாகப் பொருத்தியதால் கசிவு" என்று உங்கள் ஐந்தாவது பதிலின் கீழே யாரோ ஒட்டியிருந்தார்கள். அதற்காகச் சொல்கிறேன். ராடை இடுக்கியால் பிடிக்கவில்லை, ஒரு கீறல் இல்லை. வீடியோவில் பாருங்கள், எண்ணெய் வருவது ராட் சீல் வழியாக. கழற்றி நிறுத்தி அமுக்கிக் காட்டியிருக்கிறேன். வாயு நிரப்பிய கேஸ் அப்சார்பர், அமுக்கினால் தானே எழும்ப வேண்டும். உங்களுடையது அமுக்கிய இடத்திலேயே படுத்துக்கொள்கிறது. வேறு வழியில்லாமல் அதையே திரும்ப மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், ஹம்ப் ஒவ்வொன்றிலும் அம்மா "முருகா" என்கிறார்.

அடுத்த மாதம் 19க்குள் வாகனப் பரிசோதனை முடிக்க வேண்டும். எண்ணெய் கசியும் அப்சார்பரோடு எந்த முகத்தோடு அங்கே போவது? பரிசோதனையில் தேறாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. சாலை வரி இல்லாமல் சாலையில் இறங்க முடியாது. பிறகு நான் வாங்கியது காரா, பூந்தொட்டியா?

என் கணக்கு இது. அப்சார்பர் 236. டாக்சி 180. சம்பளமில்லா விடுப்பு இரண்டு நாள், 240. சிஓஇ 48,000 வெள்ளிக்கு எடுத்தேன், பத்து வருடத்துக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 13 வெள்ளி, பன்னிரண்டு நாள் சும்மா நின்றதற்கு 156. ஆக 812. மீதி 1,188 வெள்ளி முதுகுவலி, வெயில், மச்சான் வீட்டில் போன மரியாதை, அந்தச் சிரிப்பு ஆகியவற்றுக்கு. மொத்தம் 2,000. வட்டமாக்கிக்கொண்டேன், மறைக்கவில்லை.

ஆனால் நான் கேட்பது 2,000 இல்லை. ஒரே பாக எண்ணுள்ள, ஒரே அளவுள்ள புதிய ஜோடி, இரண்டையும் நீங்கள் அளந்து பார்த்த பிறகு, என் வீட்டு வாசலுக்கு. இல்லையென்றால் 236 வெள்ளியும் டாக்சிக் காசும். பண்பாகக் கேட்கிறேன். பதினான்கு நாள் தருகிறேன்.

அதற்குள் பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போவேன். அங்கும் முடியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம், அங்கே வக்கீல் தேவையில்லை, 20,000 வெள்ளி வரை கேட்கலாம், அப்போது 2,000 என்றுதான் எழுதுவேன். பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது நீங்கள். 2012 செப்டம்பரிலிருந்து இங்கே அப்படித்தான். "வீட்டில் பொருத்தியதால் செல்லாது" என்பதை அந்தப் பெட்டியையும் மேசை மேல் வைத்துக்கொண்டு அங்கே சொல்லிப் பாருங்கள்.

பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஆர்டரில் பெயரும் எண்ணும் உள்ள வாடிக்கையாளர்,
செம்பவாங்

பி.கு.: ஆள் அனுப்புவதாக இருந்தால் திங்கள், புதன், வெள்ளி காலையில் வேண்டாம், அம்மாவோடு டயாலிசிஸ் மையத்தில் இருப்பேன். துவாஸுக்கு என்னை வரச் சொல்லவும் வேண்டாம்.